ஒரு துப்பாக்கியின் விலை

2015இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் கவிஞர் போல் வெர்லேன் பற்றிய கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த றிவோல்வரைப் பார்த்தேன். மரப்பிடி போட்ட, ஏழு மில்லிமீற்றர் குண்டு பாவிக்கும் லெஃபோஷோ வகை. பார்ப்பதற்கு ஒரு விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அடுத்த வருடம், 2016 நவம்பர் 30இல், பாரிஸ் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் அது 434,500 யூரோவுக்குப் போனது. எதிர்பார்த்த விலை ஐம்பது, அறுபதாயிரம்தான்.

1873 யூலை 10 காலை, புரூசெல்ஸ் கடையொன்றில் வெர்லேன் அதை 23 பிராங்குக்கு வாங்கினார். அன்று பின்னேரமே விடுதி அறையில், தன்னை விட்டுப் போக நின்ற காதலன் ஆர்தர் ரம்போவை நோக்கி இருமுறை சுட்டார். ஒரு குண்டு மணிக்கட்டில் பட்டது. மற்றது தவறியது. ரம்போவுக்கு அப்போது 18 வயது. பிறகு ரம்போ முறைப்பாட்டை மீளப்பெற்றும் நீதிமன்றம் விடவில்லை, வெர்லேனுக்கு இரண்டு வருடச் சிறை விதித்தது. அதில் பெரும்பகுதியை அவர் கழித்தது இதே மோன்ஸ் சிறையில்.

பழைய துப்பாக்கி சேகரிப்போர் எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள்? முதலில் உலோகத்தின் மூலப் பூச்சு. புதிதாக மெருகேற்றினால் விலை விழும். அடுத்தது, பாகங்களில் உள்ள இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் சாதாரண லெஃபோஷோ ஒன்று சில நூறு யூரோவைத் தாண்டாது. 19ஆம் நூற்றாண்டில் அவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. எனவே 434,500 யூரோ இரும்புக்குக் கொடுத்த விலை அல்ல. அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற கைமாற்றக் கதைக்கும், அந்தக் கதையை நிரூபிக்கும் தாள்களுக்கும் கொடுத்த விலை. சுட்டவர், சுடப்பட்டவர், சுட்டவரின் தாய் ஆகிய மூவரும் பொலிசில் கொடுத்த வாக்குமூலங்கள் இன்றும் உள்ளன.

பலர் கவனியாத இன்னொரு விடயமும் உண்டு. கவிதையை விட்டு விலகிய ரம்போ பின்னாளில் தானே பழைய துப்பாக்கி வியாபாரியானார். 1885இல் தஜுரா வளைகுடாக் கரையிலுள்ள தஜுராவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கைத் தெளிவாகவே சொல்கிறார்: ஐரோப்பியப் படைகள் நாற்பது வருடங்களுக்கு முன்பே கழித்துவிட்ட றைபிள்கள், லியேஜிலோ பிரான்சிலோ ஏழு எட்டு பிராங், ஷோவா அரசன் மெனலிக்கிடம் ஏறக்குறைய நாற்பது பிராங். 1887இல் சரக்கோடு போய்ச் சேர்ந்தபோது மெனலிக் விலையைக் குறைத்தான். இறந்துபோன பங்காளியின் கடன்காரரும் ரம்போவைச் சூழ்ந்துகொண்டனர். எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை.

ஆக, கழித்த ஆயுதத்துக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஒன்று பாரிஸ் ஏல மண்டபம். மற்றது யுத்தம் நடக்கும் ஏழை நாடு. முதலாவதில் ஆயுதத்தின் பழைய கதைக்கு விலை. இரண்டாவதில் அது இன்னும் சுடுமா என்பது மட்டுமே கேள்வி. நாங்கள் இரண்டாவது சந்தையின் ஆட்கள்.

எண்பதுகளில் எங்கள் ஊருக்குள் வந்த பிஸ்ரல்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சேட்டுக்குள் செருகியபடி சைக்கிளில் வந்த பெடியனின் நடையே மாறியிருந்தது. முதலில் அது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. பிறகொரு நாள் என்னோடு படித்தவன் விளக்குக் கம்பத்தடியில் கிடந்தான். கழுத்தில் தொங்கவிட்ட மட்டையில் "துரோகி" என்று ஒரு சொல். எந்தத் துப்பாக்கி, யார் சுட்டது, யார் தீர்ப்புச் சொன்னது என்று எந்தத் தாளிலும் இல்லை. அவன் தாய் யாரிடமும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. கேட்க எவரும் வரவில்லை.

மணிக்கட்டில் பட்ட ஒரு குண்டுக்கு ஒரு முழுக் கோப்பு. எங்களுடைய ஆயிரக்கணக்கான மரணங்களுக்கு என்ன இருக்கிறது? புரூசெல்ஸ் நீதிமன்றத்தை நான் புகழவில்லை. அது வெர்லேனின் உடலைப் பரிசோதித்து, அவருடைய காதலையும் குற்றம்போலவே விசாரித்தது. ஆனாலும் அது எழுதி வைத்தது. அதனால்தான் 150 வருடங்களுக்குப் பிறகும் அந்த விசாரணையோடு எங்களால் வாதாட முடிகிறது.

அந்தப் பிஸ்ரல்கள் எங்கே போயினவோ, அவற்றைத் தேடுவது என் வேலையல்ல. சுட்டவர்களில், பார்த்து நின்றவர்களில், மௌனமாக இருந்தவர்களில் சிலர் இன்று இதே ஐரோப்பிய நகரங்களில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். மௌனமாக இருந்தவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு வயதாகிறது. திகதி, இடம், பெயர் என்று தெரிந்ததை எழுதுவோம். என் பங்குக்கு, அந்த விளக்குக் கம்பம் நின்ற சந்தியிலிருந்து தொடங்குகிறேன்.