தரங்கம்பாடியும் அதன் கடற்கரைக் கல்வெட்டும்

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில், பூம்புகாருக்குத் தெற்கும் காரைக்காலுக்கு வடக்குமாக அமைந்தது தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலையாதலின், அலைகள் பாடும் ஊர் என்பதே அப்பெயரின் பொருள் என்று பலரும் கூறுவர். கேட்டற்கு இனிய இவ்வுரை ஆராய்ச்சிக்கு ஒவ்வுவதன்று. ஆய்ப்பாடி முதலிய பெயர்களிற் போல ஈண்டும் பாடி என்பது மக்கள் உறையும் ஊரைக் குறிக்குமேயன்றிப் பாடுதலைக் குறியாது. கடலோரத்து மாசிலாமணிநாதர் திருக்கோயிலில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்ததாய், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பெற்ற கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே வழங்குகின்றது. குலசேகரன்பட்டினம் என்னும் மறுபெயரும் கூறுகின்றது.

இதனாற் பெறப்படுவன இரண்டு. அலையின் பாட்டு என்னும் பொருள் பிற்காலத்தார் கற்பித்தது என்பது ஒன்று. மற்றொன்று அதனினும் சிறந்தது. பட்டினம் என்பது கடற்றுறை நகரைக் குறிக்கும் சொல். ஆகவே, ஐரோப்பியர் வருதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகட்கு முன்னரே இவ்வூர் கடற்றுறையாய் விளங்கிற்று என்பது தெளிவு. டேனியரே இந்நகரைத் தோற்றுவித்தனர் என்பார்க்கு இக்கல்வெட்டே விடையாகும். அரசன் பெயர் தாங்கிய பெயர் மறைந்தொழிய, மக்கள் வழங்கிய பாடி என்பதே இன்றளவும் நின்றமையும் நோக்கத்தக்கது.

1620-இல் டேனியக் கப்பற்படைத் தலைவர் ஓவ் யெட்டே என்பார் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, இங்கே டான்ஸ்பர்க்குக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். நாயக்கர் டேனிய மன்னர்க்குப் பொன்னேட்டில் விடுத்த தமிழ்த் திருமுகம் கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். 1792-இல் கட்டப்பெற்ற நகரவாயிலும், அதனின்று கடல்நோக்கிச் செல்லும் அரசர் வீதியும், கோட்டையும் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் மணலில் எழுதப் பழகும் சிறாரோடு அமர்ந்து தமிழ் கற்றார்; ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து 1708-இல் அட்டவணை வரைந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். தென்னாட்டுக் கடவுளர் மரபு பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலோ 1867-இலேயே சென்னையில் அச்சேறிற்று. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்றுள்ளார்.

ஏட்டில் எழுதியது 154 ஆண்டு காத்திருந்தும் அழியாது வெளிவந்தது. பொன்னேடும் காக்கப்பட்டது. கல்லில் வெட்டியதே நெடிது நிலைக்கும் என்பது உலகோர் துணிபு. இவ்வூரிலோ கல்லுக்கே இடர் மிகுதி. கடல் கரையை அரித்து உட்புகுந்தமையால் திருக்கோயிலின் முற்பகுதி அலைவாய்ப்பட்டு அழிந்தது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரிற் பல உயிர்களையும் கொண்டு சென்றது. கரையைக் காக்கப் பெருங்கற்கள் இடப்பட்டுள்ளன.

ஆதலின், இவ்வூரைக் காணச் செல்வோர் கோட்டையைக் கண்டு, காற்று வாங்கி, அலையோசை கேட்டு மீள்வது போதாது. கரைவழியே சிறிது நடந்து அத்திருக்கோயிலையும் காணல் வேண்டும். படித்துப் படியெடுக்கப்பட்டமையாலன்றோ சடங்கன்பாடி என்னும் பழம்பெயர் கடலுக்குத் தப்பி நம்மை எய்தியது! பிற கடற்கரைக் கோயில்களில் படிக்கப்படாது கிடக்கும் கல்வெட்டுக்கள் உளவாயின், அவற்றிற்கும் அலை காத்திராது.