கோரிங் முதலாளிக்குப் பிறகு

'சிரிப்பு நடிகர்' என்று ஒருவருக்குப் பெயர் விழுந்துவிட்டால் அவர் அழுதாலும் சபை சிரிக்கும். சிங்களத் திரையில் ஜோ அபேவிக்ரமவின் முதற்காலம் அப்படித்தான் கழிந்தது. 1927இல் இரத்தினபுரி மாவட்டத்தின் லெல்லோபிட்டியவில் பிறந்தவர் அவர். ஐம்பதுகளில் திரைக்கு வந்தார். அறுபதுகளில் ரசிகர்கள் அவரிடம் எதிர்பார்த்தது சிரிப்பை மட்டுமே.

1971இல் வெளிவந்த 'வெலிகத்தர' அந்த எதிர்பார்ப்பை உடைத்தது. டி. பி. நிஹால்சிங்க இயக்கி, திஸ்ஸ அபேசேகர திரைக்கதை எழுதிய இப்படமே இலங்கையின் முதலாவது சினிமாஸ்கோப் படம். பெயரின் பொருள் பாலைவனம். கதை நடப்பதோ நமது யாழ்ப்பாணத்தில். பொலிஸ் அதிகாரியாக வருபவர் அன்றைய உச்ச நட்சத்திரம் காமினி பொன்சேகா. அவரைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் கடத்தல்காரன் 'கோரிங் முதலாளி'யாக ஜோ. சிரிக்க வைத்த அதே முகம் இப்போது அச்சமூட்டியது. காமினிக்கு நேர் எதிரே நின்று, அவருக்குச் சற்றும் குறையாமல் நடித்தார்.

அதன் பின்னரே மற்றக் கதவுகள் திறந்தன. 1972இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'தெச நிஸ'வில் பார்வையற்ற பெண்ணை மணக்கும் அழகற்ற மனிதனானார். 1980இல், லெனாட் வூல்ஃபின் நாவலைத் தழுவி லெஸ்டர் எடுத்த 'பெத்தேகம'வில் வேட்டைக்காரன் சிலிந்துவானார். 1997இல் பிரசன்ன விதானகே உருவாக்கிய 'புரஹந்த களுவர'வில் பார்வையிழந்த முதியவர் வன்னிஹாமியானார். இராணுவத்திலிருந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி வருகிறது. தந்தை நம்பவில்லை. இழப்பீட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட மறுத்து, இறுதியில் புதைகுழியையே தோண்டுகிறார். 1999இல் சிங்கப்பூர் திரைப்பட விழாவில் இந்நடிப்புக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 2000இல் அரசாங்கம் படத்தைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே அது இங்கு திரையேறியது.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில், விடுதியில் ஓர் இரவு அதைச் சீடியில் பார்த்தோம். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆயினும் அந்தக் கிழவர் மண்ணைத் தோண்டும்போது எவரும் பேசவில்லை. காணாமற்போன பிள்ளைகளை எங்கள் ஊர்களும் அறியும்.

2011இல் ஜோ மறைந்த செய்தியைப் படித்தபோது என் மாணவன் ஒருவனை நினைத்துக்கொண்டேன். தமிழ்த் தினப் போட்டி நாடகங்களில் அவனுக்கு எப்போதும் கோமாளி வேடந்தான் கொடுப்பேன். ஒருமுறை தயங்கியபடி வந்து நின்றான்.

"சேர், இந்த முறை வாப்பா வேடத்த எனக்குத் தாங்களேன்."

நான் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அதன் பிறகு அவன் நாடகத்துக்கு வரவேயில்லை.

கோரிங் முதலாளியின் வேடத்தை ஜோவிடம் கொடுக்க ஒருவருக்குத் துணிவு இருந்தது. எனக்கு இருக்கவில்லை.