தி நைட் ஆஃப் த ஹண்டர்

தி நைட் ஆஃப் த ஹண்டர், 1955இல் வெளியான அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பணத்துக்காக மணக்கும் போலிப் போதகனையும், அவனை முதல் பார்வையிலேயே சந்தேகிக்கும் அவள் மகனையும் பற்றிய கதை இது. நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம். டேவிஸ் கிரப் 1953இல் வெளியிட்ட நாவலை ஒட்டி ஜேம்ஸ் ஏஜி திரைக்கதை எழுத, பால் கிரெகரி தயாரித்தார். வீட்டுக்குள் புதிதாக வந்து சேரும் துணைவரே ஆபத்தாக மாறும் குடும்பத் திகில் கதைகளில் முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

பின்னணி

கதைக்கு மூலமான குற்றம் உண்மையில் நடந்தது. ஹாரி பவர்ஸ் என்பவன் துணை தேடுவோருக்கான விளம்பரங்கள் வழியே, கையில் பணம் உள்ள விதவைகளுக்குக் காதல் கடிதங்கள் எழுதி வந்தான். அவனை நம்பிச் சென்ற இரண்டு பெண்களும், அவர்களில் ஒருவரின் மூன்று குழந்தைகளும் 1931இல் மேற்கு வர்ஜீனியாவின் குவயட் டெல் என்ற சிற்றூரில் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு மவுண்ட்ஸ்வில் சிறையில் பவர்ஸ் தூக்கிலிடப்பட்டான். கிரப் அதே மவுண்ட்ஸ்வில்லில் 1919இல் பிறந்தவர். சிறுவயதில் ஊரே பேசிய அந்த வழக்கும், ஒகையோ ஆற்றங்கரை வாழ்க்கையும், 1930களின் பெருமந்தம் கொண்டுவந்த வறுமையும் அவருடைய நாவலுக்கு அடித்தளம் ஆயின.

கதை

குழந்தைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று வங்கியைக் கொள்ளையடிக்கும் பென் ஹார்ப்பர், அதில் இருவரைக் கொன்றுவிடுகிறான். பத்தாயிரம் டாலரை மகள் பெர்லின் துணிப்பொம்மைக்குள் ஒளித்துவைத்து, இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகன் ஜானிடம் சத்தியம் வாங்குகிறான். பிள்ளைகளின் கண் முன்னே போலீசார் அவனைத் தரையில் அழுத்திப் பிடித்து விலங்கு பூட்டுகிறார்கள். சிறையில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் ஹாரி பவல், பென் தூக்கத்தில் உளறுவதைக் கேட்டுப் பணம் எங்கோ பத்திரமாக இருப்பதை ஊகிக்கிறான்.

பென் தூக்கிலிடப்பட்ட பின், விடுதலையான பவல் போதகர் உடையில் அந்த ஊருக்கு வந்து விதவை வில்லாவை மணக்கிறான். பணம் கல்லில் கட்டி ஆற்றில் வீசப்பட்டுவிட்டதாகப் பென்னே சொன்னான் என்று ஊரார் முன்னிலையில் சொல்லி, அவள் மனத்தில் சந்தேகம் எழாமல் பார்த்துக்கொள்கிறான். தனிமையில் பிள்ளைகளைக் குடைகிறான். அவன் பெர்லை மிரட்டுவதை ஒரு நாள் வில்லா கேட்டுவிடுகிறாள். அன்றிரவு அவளைக் கத்தியால் கொன்று, காரோடு ஆற்றில் மூழ்கடிக்கிறான். அவள் வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்று ஊரில் அழுகிறான்.

பணம் பொம்மையில் இருப்பது அவனுக்குத் தெரிந்ததும் குழந்தைகள் சிறு படகில் ஏறித் தப்புகிறார்கள். ஆற்றோடு போனவர்களை, அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் முதியவள் ரேச்சல் கூப்பர் சேர்த்துக்கொள்கிறாள். தேடி வரும் பவலை அவள் துப்பாக்கியோடு எதிர்கொள்கிறாள். இறுதியில் அவன் கைதாகிறான்.

நடிகர்களும் ஆக்கமும்

பவலாக ராபர்ட் மிட்சம், வில்லாவாக ஷெல்லி வின்டர்ஸ், ரேச்சலாக லில்லியன் கிஷ், பென்னாகப் பீட்டர் கிரேவ்ஸ் நடித்தனர். ஜானாகப் பில்லி சேப்பினும் பெர்லாகச் சாலி ஜேன் புரூசும் தோன்றினர். ஊமைப்பட மேதை கிரிஃபித்தின் படங்களைத் தேடிப் பார்த்துத் தன்னைத் தயார்படுத்திக்கொண்ட லாட்டன், அப்படங்களின் நாயகியான கிஷ்ஷையே தன் படத்துக்கு அழைத்து வந்தார்.

ஒளிப்பதிவாளர் ஸ்டான்லி கோர்ட்டெஸ் ஜெர்மன் வெளிப்பாட்டியப் படங்களின் கூர்மையான நிழல்களை இங்கே கையாண்டார். வில்லா கொல்லப்படும் படுக்கையறை, செங்குத்தாக உயரும் கூரையும் ஒருபக்க வெளிச்சமுமாகச் சிறு தேவாலயம் போலவே அமைக்கப்பட்டது. அந்தக் கொலைக்கு வால்டர் ஷூமன் அமைத்தது மென்மையான வால்ட்ஸ் இசை. நீருக்கடியில் காரில் அமர்ந்த நிலையில் வில்லாவின் கூந்தல் நீர்ப்பாசியோடு சேர்ந்து அலையும் புகழ்பெற்ற காட்சி, நீர்த்தொட்டியில் மெழுகுப் பொம்மையை வைத்துப் படமாக்கப்பட்டது. வைக்கோல் பரணிலிருந்து ஜான் பார்க்கும்போது தொலைவில் பவல் குதிரையில் போகும் காட்சியும் படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது. தொலைவுத் தோற்றத்துக்காக மட்டக்குதிரையில் குள்ளமான ஒருவரை அமர்த்தினார்கள்.

கருப்பொருள்

பவலின் வலக்கை விரல்களில் அன்பு, இடக்கை விரல்களில் வெறுப்பு என்ற சொற்களின் ஆங்கில எழுத்துகள் பச்சை குத்தப்பட்டிருக்கின்றன. இரண்டு கைகளையும் பிணைத்துப் போராடவைத்து, அன்பு வெல்வதாக அவன் நடத்திக்காட்டும் பிரசங்கத்தில் ஊரே மயங்குகிறது. அவன் எதையும் மறைத்து வரவில்லை. வெறுப்பையும் கையில் எழுதிக்கொண்டேதான் வருகிறான். பார்க்க மறுப்பது ஊர்தான்.

படத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. வில்லாவை அந்தத் திருமணத்துக்குள் தள்ளுவது காதல் அல்ல. குழந்தைகளுக்குத் தகப்பன் வேண்டும், பெண் தனியாக இருக்கக் கூடாது என்று ஓயாமல் நச்சரிப்பவர் அவள் வேலை செய்யும் ஐஸ்கிரீம் கடையின் உரிமையாளர் ஐசி ஸ்பூன். ஜான் நம்பியிருக்கும் கிழவர் பேர்டி, தூண்டில் போடும்போது ஆற்றடியில் வில்லாவின் உடலைப் பார்த்துவிடுகிறார். பழி தன்மேல் விழும் என்ற அச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் குடிக்கிறார். உதவி கேட்டுப் பிள்ளைகள் ஓடிவரும் இரவில் அவரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. பவல் பிடிபட்டதும் அவனை அடித்துக் கொல்லக் கூட்டத்தைத் திரட்டி வருவதும் அதே ஐசிதான். அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய மூர்க்கமும் கொல்லத் துடிக்கும் மூர்க்கமும் ஒன்றே என்று படம் காட்டிவிடுகிறது.

உண்மையான பக்திக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பாட்டு உணர்த்துகிறது. இரவில் வெளியே காத்திருக்கும் பவல், தன் வழக்கமான துதிப்பாட்டைப் பாடுகிறான். துப்பாக்கியோடு காவல் இருக்கும் ரேச்சலும் சேர்ந்து பாடுகிறாள். அவன் பாடும் வரிகளில் இல்லாத இயேசுவின் பெயர் அவள் குரலில் வருகிறது.

பவல் கைதாகும் காட்சியும் ஆழமானது. தந்தையைப் போலவே அவனும் தரையில் அழுத்தப்படுவதைக் கண்ட ஜான் கதறிக்கொண்டு ஓடி, பொம்மையால் அவனையே அடித்துப் பணத்தை அள்ளிக்கொள்ளச் சொல்கிறான். நீதிமன்றத்திலும் அவனை அடையாளம் காட்ட மறுக்கிறான். தகப்பன் சுமத்திய ரகசியம் ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வரவேற்பும் தாக்கமும்

வெளியானபோது படம் வணிகத் தோல்வி அடைந்தது. லாட்டன் 1962இல் இறக்கும்வரை வேறு படம் இயக்கவில்லை. திரைக்கதையாசிரியர் ஏஜி படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 1955 மே மாதத்தில் காலமானார். மதிப்பு பின்னாளில் கூடியது. 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. பிரெஞ்சு இதழான கையே து சினிமா 2008இல் வெளியிட்ட மிக அழகான நூறு படங்களின் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. ஸ்பைக் லீ இயக்கிய டூ த ரைட் திங் (1989) படத்தில் ஒரு பாத்திரம் அணியும் அன்பு, வெறுப்பு மோதிரங்கள் பவலின் விரல்களிலிருந்து வந்தவை. 1991இல் இக்கதை தொலைக்காட்சிப் படமாகவும் எடுக்கப்பட்டது.

ஜோசப் ரூபன் இயக்கிய தி ஸ்டெப்ஃபாதர் (1987) போன்ற பிற்காலப் படங்களிலும், தாயின் புதுக் கணவனைப் பற்றிய உண்மையை உணர்வது பிள்ளையே. அதன் பேச்சு பெரியவர்களிடம் எடுபடுவதில்லை. இவ்வகைக் கதைகள் பலவும் கொலைகாரனின் தந்திரத்தில் நின்றுவிடுகின்றன. லாட்டனின் படமோ அந்தத் தந்திரத்துக்கு வாசலைத் திறந்துவிடும் சுற்றத்தையும் அண்டை வீட்டாரையும் சேர்த்தே விசாரணைக்கு உட்படுத்துகிறது. குழந்தை ஒருவரைக் கண்டு அஞ்சும்போது அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் காரணம் கேட்கும் ஒரே பெரியவள் ரேச்சல். ஜான் காப்பாற்றப்படுவது அதனால்தான்.