கேஷும் காசும்

ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'தான் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். மேடைக்காரர்களை விட்டுவிடலாம். கவிதை எழுதுகிற நண்பர்களும் இதை நம்புவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொல்லையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ஒலி ஒற்றுமை மட்டும் போதுமா?

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. ஒன்றின் மூலம் லத்தீன் 'காப்ஸா', பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச்சுருள்களை அதில் வைத்தார்கள். (ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் முன்னால் இருந்த 'கேஸ்' கூட இதன் வழிதான்.) பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அது பணப்பெட்டியாகி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டி, பணம் இரண்டும் சிலகாலம் கூடவே இருந்தன. பிறகு பெட்டி உதிர்ந்துவிட்டது. முழுக்க அல்ல. 'இன்று கேஷில் யார்?' என்று வங்கியில் நாங்கள் கேட்கிறோம். அது பணத்தைப் பற்றிய கேள்வி இல்லை. பெட்டியருகே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது.

ஒலி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 'கேஷியர்' போதும். பெயர்ச்சொல்லாக அது பெட்டிக்காரர். வினையாக, அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்குவது; 'ஒத்தெல்லோ'வில் காஸியோவுக்கு நேர்வது. இந்த வினைக்கும் பெட்டிக்கும் உறவே கிடையாது. 'உடைத்தல்', 'ரத்துசெய்தல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினை டச்சு வழியாக வந்து சேர்ந்தது.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. காசு என்று காதில் விழுந்ததைப் போர்த்துக்கீசியர் 'கய்ஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ஏற்கெனவே பெட்டி என்று அர்த்தம்! தெரியாத சொல்லைத் தெரிந்த அச்சில் வார்த்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினார்கள். சென்னையில் கம்பெனிக் கணக்கு அதில்தான் நடந்தது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் அந்த இடத்துக்கு வந்தது.

இந்தப் பாதையை 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியிலேயே பார்க்கலாம். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூர்ச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். காசுக்கும் முன்னால் வடமொழி 'கர்ஷ' இருப்பதாக அந்த அகராதி சொல்வதை இங்கே கிளப்பினால் வேறு சண்டை வரும். விட்டுவிடுகிறேன்.

லண்டனில் கல்லாப்பெட்டிக்கு நாம் பெயர் வைக்கவில்லை. வைத்தது வேறிடத்தில். நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்தை ஐரோப்பிய வியாபாரிகள் இந்தக் கேஷால்தான் குறித்தார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் இன்றும் அதற்கு அதுவே பெயர். சீனர்கள் அதை 'சியென்' என்றார்கள்.