பூந்தமல்லியில் கோல்கொண்டா

சென்னையை அடுத்த பூந்தமல்லியில் 1653-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கட்டியவர் ருஸ்தம், காஸ்பியன் கடலுக்கு அருகிலுள்ள அஸ்தராபாத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். அப்போது இப்பகுதி தக்காணத்துக் கோல்கொண்டா அரசின் கீழ் இருந்தது; அதை ஆண்டவர் அப்துல்லா குதுப் ஷா. ஈரானிலிருந்து வந்து வைர வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய மீர் ஜும்லா, 1640-களில் அவருக்காக, பூந்தமல்லியும் அடங்கிய, அன்று கர்நாடகம் எனப்பட்ட பகுதியை வென்றார். பூந்தமல்லி அவ்வரசின் நிர்வாக ஊரானது. புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயர் தங்கள் காரியங்களுக்கு இங்கிருந்த அதிகாரியை நாட வேண்டியிருந்தது.

தமிழகத்துக்கு இஸ்லாம் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாகக் கடலோர மரைக்காயர்களும் லெப்பைகளும் தமிழ் பேசி, அதை அரபு எழுத்திலும் எழுதி வாழ்ந்தனர். அவர்களில் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி சட்டமரபினர். கோல்கொண்டா கொண்டுவந்ததோ வேறு உலகம்: ஷியா அரசவை, பாரசீக எழுத்தர்கள், தக்னி (தக்காண உருது) பேசும் படைவீரர்கள், கூடவே தெலுங்கு. திருக்கச்சி நம்பி பிறந்த இந்த வைணவ ஊரில் அந்த உலகம் குடியேறியது. முஸ்லிம் என்றாலே ஒரே மொழி, ஒரே மரபு என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. இன்றும் சென்னை முஸ்லிம்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு.

1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. ஷியா அரசவையின் ஆதரவு அத்தோடு போனது. பாரசீகம் மட்டும் முகலாயர், ஆற்காட்டு நவாபுகள் காலத்திலும் ஆட்சிமொழியாக நீடித்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நவாப் முகம்மது அலி வழியாக ஊர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்று, பின்னர் ஆங்கிலேயப் படைமுகாமானது.