தண்டமும் தயையும்

மகாவம்சம் காட்டும் மன்னர் இருவரை அருகருகே நிறுத்திப் பார்க்க எனக்கு என்றும் விருப்பமுண்டு. ஒருவன் எல்லாளன். அவன் மகனின் தேர்ச்சில்லில் அகப்பட்டுக் கன்றொன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் அதே தேர்ச்சில்லால் தன் மகனின் உயிரைப் போக்கினான். திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பற்றி நாம் கேட்டறிந்த கதைதான் இது. எல்லாளனைப் பகைவனாகக் கண்ட நூலே அவனது நீதியைப் போற்றுகிறது.

மற்றவன் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிறிசங்கபோதி. கலகம் புரிந்தோரைப் பிடித்துவரச் செய்து இரகசியமாக விடுவித்துவிடுவான். பின்னர், ஏலவே இறந்துபோனவர்களின் உடல்களைத் தருவித்து எரிப்பான். அதைக் கண்ட மக்கள் அஞ்சினர், கலகமும் அடங்கியது. அச்சம் போதும், உயிர் வேண்டாம் என்பது அவன் கொள்கை.

இவ்விரு நோக்குகளும் நமது நாட்டில் மீண்டும் எதிரெதிரே நின்ற காலமொன்று உண்டு. 1956இல் பதவிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசு மரண தண்டனையை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. மூன்றாண்டுப் பரீட்சையாகவே அது கருதப்பட்டது. அதன் விளைவுகளை ஆராய, சட்டப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழுவொன்றும் அமைந்தது. தூக்குத் தண்டனையை நிறுத்தியதால் கொலைகள் பெருகின என்பதற்கு அக்குழு சான்றெதனையும் காணவில்லை.

ஆனால், 1959 செப்டம்பர் 25ஆம் திகதி பிரதமர் தமது இல்லத்திலேயே சுடப்பட்டார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர். சுதேச வைத்தியம் அறிந்த கண் வைத்தியர். மரணப் படுக்கையிலிருந்த பண்டாரநாயக்கா, தம்மைச் சுட்டவர்மீது கருணை காட்டுமாறும் பழிவாங்க முனைய வேண்டாமென்றும் மக்களை வேண்டினார். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

அந்த வேண்டுகோளை நாடு செவிமடுக்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே பாராளுமன்றம் மரண தண்டனையை மீளக் கொண்டுவந்தது. சட்டம் பிறக்குமுன் நிகழ்ந்த கொலைக்கும் அது செல்லுமாறு பின்னோக்கி எழுதப்பட்டது. கோபத்தில் எழுதிய அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கொலைக்குச் சதி செய்த குற்றத்தை அது பின்னோக்கித் தொடவில்லை. 1961இல் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலோ, சதியின் சூத்திரதாரியெனக் காணப்பட்ட களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரருக்கும் அவருக்குத் துணைநின்ற எச்.பி. ஜயவர்தனவுக்கும் அத்தண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்தது. 1962 யூலை 6ஆம் திகதி சோமராம மட்டும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். ஏவியவர்கள் உயிரோடிருக்க, ஏவப்பட்டவரின் கழுத்தில் கயிறு விழுந்தது. யாருடைய மரணத்திற்காக அக்கயிறு மீண்டும் முறுக்கப்பட்டதோ, அவரே அதை வேண்டாமென்று சொல்லிச் சென்றவர். எல்லாளனின் சமநீதியும் அங்கு இல்லை; சிறிசங்கபோதியின் தயையும் இல்லை.

1976க்குப் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தே வருகின்றன. கொடிய குற்றமொன்று நிகழும்போதெல்லாம் தூக்குமேடையைத் திறக்குமாறு குரல் எழுகிறது. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் தாம் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

குற்றவாளியைத் தண்டியாது விடுவது, பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை வதைப்பதாகும். அதில் எனக்கு ஐயமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்த் தயை பேச எனக்கு வாய் வராது. அவளது கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை வாங்கி அரசு சட்டம் எழுதலாகாது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். உண்மை தெரிந்தபின் தன் உயிரைக் கொடுத்தும் கோவலனை அவனால் மீட்க முடியவில்லை. சிறைக்கதவைத் திறந்து தவற்றைத் திருத்தலாம். சுடலையிலிருந்து எவரையும் திருப்பி அழைக்க முடியாது.

தண்டனை தப்பாது வரவேண்டும். மன்னன் மகனென்றும் ஏழை மகனென்றும் பாராது வரவேண்டும். எல்லாளனிடம் நாம் கற்க வேண்டியது அதுவே. உயிரை எடுக்காமலும் நாட்டை ஆளலாமென்பதைச் சிறிசங்கபோதியிடம் கற்போம்.