கதிர்காமத்துக் கிள்று நபி

பதுளைத் தோட்டங்களிலிருந்து அடியார் முருகனை நாடிச் செல்லும் கதிர்காமத்திலே, ஊவாவின் தென்பகுதியில், கிள்று நபியின் பெயரால் பள்ளிவாசல் ஒன்றும் உளது. திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேறும்.

குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் மூசா நபி ஓர் இறையடியாரைப் பின்தொடர்கிறார். அவருக்குக் கிள்று எனப் பெயர் கூறுவது நபிமொழியே. ஏழைகளின் தோணியை அவர் பழுதாக்க, மூசா கண்டிக்கிறார்; நல்ல தோணிகளைப் பறிக்கும் அரசனிடமிருந்து அதனைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பது பின்னரே விளங்குகிறது. விதிக்கு அப்பாலும் அறிவுண்டு எனச் சூபிகள் இதிலிருந்து கொண்டனர். இப்னு அரபி (1165–1240) கிள்றை நேரிற் கண்டதாகவே எழுதினார். இப்னுல் ஜௌஸியோ கிள்று இறந்துவிட்டார் என வாதிட்டார்.

வீண் வாதமன்று இது. கிள்று உயிரோடுளர் எனின், மதுரஸா காணாத தோட்டத் தொழிலாளியும் மாணிக்க கங்கைக் கரையில் ஆசானைப் பெறலாம். ஞானத்துக்கு உலமாவின் அனுமதி வேண்டியதில்லை. மறுப்பின் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.